பிளஸ் டூ காதல் கதை: அடங்காத பையன், வாய் திறக்காத பெண். வரைவு எங்கே சறுக்குகிறது?

கரிசல்காடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இளையோருக்கான காதல் தொடர் ஒன்று வரைவில் இருக்கிறது, முழு வரைவையும் இங்கே பகிர்ந்திருக்கிறேன். 24 அத்தியாயம், ஒவ்வொன்றும் சுமார் 1,500 சொல். களம் கோவில்பட்டியை ஒட்டிய ஒரு கிராமம். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி, 12ஆம் வகுப்பு, பயாலஜி குரூப். பையன் மாரிச்சாமி, யார் சொல்லுக்கும் அடங்க மாட்டான். அவன் அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. பெண் முத்துக்கனி, அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவள் சொல்லும் 'உள்ளேன் ஐயா' அடுத்த பெஞ்சுக்குக்கூடக் கேட்காது.

முதல் ஆறு அத்தியாயம் படித்தவர்கள் ரெண்டு குறை சொன்னார்கள். மாரி ரவுடி மாதிரி இருக்கிறானாம், கனி பொம்மை மாதிரி இருக்கிறாளாம். ரெண்டும் சரியென்றே படுகிறது. இப்போதைய வரிசை இது: 1ல் மாரி தலைமையாசிரியர் அறைக் கண்ணாடியை உடைக்கிறான். 2ல் கனியின் சைக்கிளை மறிக்கிறான். 3ல் கெமிஸ்ட்ரி லேபில் ரெண்டு பேருக்கும் ஒரே பியூரெட் (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் கருவி). 5ல் அடிபட்டு வந்தவனுக்கு அவள் மருந்து போடுகிறாள். எங்கே கை வைக்கணும்?

ஒற்றைப்பனை

முதலில் அந்தக் கண்ணாடி. அவன் எதை எதிர்த்து உடைத்தான்? வரைவில் அதற்குப் பதில் இல்லை. எதை எதிர்க்கிறான் என்பது தெரியாதவரை அவன் கலகக்காரன் இல்லை, வெறும் முரடன். வாத்தியாரிடம் எதிர்த்துப் பேசுவது, சட்டைப் பட்டனைத் திறந்துவிடுவது, பைக்கில் முன்சக்கரத்தைத் தூக்குவது எல்லாம் அடையாளங்கள். காரணம் வேறே எங்கேயோ இருக்கணும்.

நீங்கள் தேர்ந்த ஊரே காரணத்தைக் கையில் கொடுக்கிறது. தென்மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டுக் கயிறு என்ன நிறம் என்பதே சாதியைச் சொல்லிவிடும். சக மாணவர்களே சாதிவெறியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய 2023 ஆகஸ்ட் நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு என எந்தச் சாதி அடையாளமும் பள்ளிக்குள் கூடாது என்பது அதில் உள்ள பரிந்துரைகளில் ஒன்று. மாரி கயிற்றைக் கட்ட மறுக்கிறவனாக இருக்கட்டும். கூட்டாளிகளே கட்டிவிட வரும்போது கையை இழுத்துக்கொள்கிறான். இந்தக் கலகத்துக்கு ஒரு விலை உண்டு: சொந்தத் தெரு ஆட்களே அவனை ஒதுக்குவார்கள். எதிராளியிடம் அடி வாங்குவதைவிட இது வலிக்கும்.

விலை என்ன என்பதை ஒவ்வொரு அத்தியாயத்திலும் காட்டுங்கள். ஒரு இடத்தில் வாலிபால் டீமில் இடம் போகிறது. இன்னொரு இடத்தில் டீக்கடையில் பேச்சு நிற்கிறது. மற்றொரு இடத்தில் தீப்பெட்டி ஆபீசில் அவன் அம்மாவிடம் யாரோ ஒருத்தி 'உன் மகனுக்கு என்ன வந்துச்சு' என்கிறாள். கண்ணாடி உடைய வேண்டிய அவசியமே இராது.

வெள்ளைத்தாள்

கனியைப் பற்றி. கூச்சம், வெட்கம், பயம், தயக்கம் நாலையும் வரைவில் ஒன்றாகக் கலந்திருக்கிறீர்கள். கூச்சம் என்பது பிறர் கண் தன்மேல் விழும்போது வருவது. வெட்கத்தில் உள்ளூர ஒரு இனிப்பு உண்டு; அவமானத்துக்கும் அதே சொல்தான் என்பதால் பார்த்துப் பயன்படுத்துங்கள். பயத்துக்குக் காரணம் வெளியே இருக்கும். தயக்கம் ஒரு முடிவுக்கு முந்தைய நொடி. 2ஆம் அத்தியாயத்தில் அவன் சைக்கிளை மறிக்கும்போது அவளுக்கு வருவது பயம். அதை 'நாணித் தலைகுனிந்தாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கிற பெண்பிள்ளைகள் அங்கேயே மூடிவைத்துவிடுவார்கள்.

இன்னொன்று, கூச்சக்காரர்கள் எல்லா இடத்திலும் ஊமையாக இருப்பதில்லை. வீட்டில் தம்பியைத் திட்டித் தீர்ப்பாள், தோழியிடம் மணிக்கணக்காகப் பேசுவாள், வகுப்பில் வாயே திறக்காது. இந்த வித்தியாசத்தைக் காட்டினால் போதும், பொம்மை ஆளாகிவிடும். 1ஆம் அத்தியாயத்திலேயே வீட்டுக் காட்சி ஒன்று வைத்து, அதில் அவளை வாய் ஓயாமல் பேசவிடுங்கள்.

அளவுக்கு ஒரு வழி: முதல் எட்டு அத்தியாயத்தில் மாரியிடம் அவள் ஒரு தடவைக்கு நாலு சொல்லுக்கு மேல் பேசக் கூடாது என்று வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். தமிழ் இதற்கு நன்றாகவே கைகொடுக்கும். எழுவாயே வேண்டாம்: 'வரல', 'தெரியும்', 'அப்புறம் சொல்றேன்'. 'ம்' என்றால் ஆமாம், 'ம்ஹும்' என்றால் இல்லை, 'ம்ம்?' என்றால் கேள்வி. முக்கால் உரையாடலை இந்த மூன்றிலேயே ஓட்டிவிடலாம். ஆனால் ஒவ்வொரு வரியிலும் மூன்று புள்ளி வைக்காதீர்கள். வரைவின் 4ஆம் அத்தியாயத்தில் மட்டும் 31 இடத்தில் இருக்கிறது. அது கூச்சமாகப் படாது, மூச்சிரைப்பாகத்தான் படும்.

கரிசல்காடு

கயிறு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன், மிக்க நன்றி. கண்ணாடியை நீக்கிவிட்டேன். லேப் காட்சி மட்டும் இருக்கட்டும் என்று ஆசை. ஒரே பியூரெட்டில் ரெண்டு பேர், விரல் படுகிற மாதிரி. அது எடுபடுமா?

பிப்பெட்20

எடுபடாது தம்பி. பெரும்பாலான பள்ளிகளில் லேப் பேட்ச் பெயர்ப்பட்டியல் வரிசைப்படி பிரியும். பையன்கள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் இன்னொரு பக்கம். டைட்ரேஷனை (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிப்பது) ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் போடணும். ஒரே பியூரெட் என்றதுமே பிளஸ் டூ படித்தவன் கண்டுபிடித்துவிடுவான்.

ஆனால் பெஞ்சு எதிரெதிராக இருக்கும். நடுவில் அமில பாட்டில்கள் வைக்கும் தட்டு. அதுதான் உங்களுக்கு வேண்டிய இடம். பெரஸ் சல்பேட் மதிப்பீடு வைத்துக்கொள்ளுங்கள். பியூரெட்டில் பர்மாங்கனேட். பிப்பெட்டால் 20 மி.லி. பெரஸ் கரைசலைக் கூம்புக் குடுவையில் விட்டு, ஏறக்குறைய அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கணும். இதற்குச் சூடு வேண்டாம். ஆக்சாலிக் அமிலம் என்றால்தான் 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்கணும். பர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாக விழும், விழுந்த நிறம் குலுக்கக் குலுக்க மறையும், கடைசிச் சொட்டில் வெளிர் ரோஸ் நிலைத்து நிற்கும். அதுதான் முடிவு. ஒரு சொட்டு கூடினாலும் ரோஸ் அடர்ந்துவிடும், அந்த ரீடிங் வீண். அடுத்தடுத்து ரெண்டு ரீடிங் ஒத்துவந்தால்தான் கணக்கு போடலாம்.

இனி அந்த ரெண்டு பேரைப் பாருங்கள். மாரி அவசரக்காரன், குழாயைத் திறந்துவிடுவான், ஒவ்வொரு தடவையும் அடர்ரோஸ் ஆகும். கனி கட்டைவிரலால் குழாயைப் பிடித்து ஒரே ஒரு சொட்டைத் தொங்கவிட்டு, அதைக் குடுவை விளிம்பில் தொட்டு எடுப்பாள். அமிலம் பத்தாவிட்டால் குடுவையில் பழுப்பாகக் கலங்கும், மாங்கனீசு டையாக்சைடு. மாரியின் குடுவை பழுப்பாகிறது. கனி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தட்டிலிருக்கும் கந்தக அமில பாட்டிலை நாலு விரற்கடை அவன் பக்கம் நகர்த்துகிறாள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். விரல் படுவதைவிட இது நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. வழக்கமாகப் பியூரெட்டில் திரவத்தின் கீழ்வளைவைப் பார்த்து அளவெடுப்போம். பர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் கீழ்வளைவு தெரியாது, மேல்விளிம்பைத்தான் பார்க்கணும். மாரிக்கு இது தெரியாது. அடுத்த வாரம் அவனாகவே மேல்விளிம்பைப் பார்க்கிறான் என்று ஒரே வரி போடுங்கள். அவளைக் கவனித்திருக்கிறான் என்பது தானாக விளங்கும்.

நிலாச்சோறு

அருமை அண்ணா, அந்த பாட்டில் நகர்த்துறது ஒன்னு போதும், மூணாவது அத்தியாயம் முடிஞ்சுது.

போன் பத்தி ஒரு திருத்தம். கனிக்குத் தனிப் போன் கிடையாது, அம்மா போன்ல வாட்ஸப்னு வச்சிருக்கீங்க, சரி. 9ல அவன் அனுப்பின மெசேஜ அவனே அழிச்சிடுறான், அம்மாவுக்குத் தெரியாமப் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்படி நடக்காது. எல்லாருக்கும் அழிச்சாலும் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'ன்னு தடம் நிக்கும். அனுப்பின நேரமும் நிக்கும். ராத்திரி 10.40க்கு ஒரு நீக்கப்பட்ட செய்தி இருந்தா எந்த அம்மாவும் கேட்பாங்க. அந்தத் தடத்தையே சிக்கலா மாத்திடுங்க. அதுல என்ன இருந்துச்சுன்னு கனிக்கே தெரியாது, ஆனா பதில் சொல்ல வேண்டியது அவதான்.

தலைச்சுமை

நிலாச்சோறு சொன்னது சரி. அதோடு, 1 ரூபாய்த் தீப்பெட்டி என்று 7ல் வருகிறது. 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய். 16ல் '1200க்கு 1104' என்று வருகிறது. 2018 மார்ச் தேர்வு வரைதான் 1200, 2019லிருந்து 600. கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று முடிவு செய்துகொண்டு எல்லாவற்றையும் அதற்குத் தோதாக மாற்றுங்கள். சந்துரு குழுவின் பரிந்துரை வருகிறதென்றால் கதை 2024 ஜூனில் தொடங்குவதுதான் இயல்பு.

அலரும்அம்பலும்

கூச்சக்காரப் பெண்ணும் அடங்காத ஆணும் நமக்குப் புதிதல்ல. சங்க இலக்கியமான குறுந்தொகையின் 401 பாட்டில் பல இந்தத் தடத்தில்தான் போகின்றன. அங்கே தலைவி தலைவனிடம் அதிகம் பேசுவதில்லை. தோழியிடம் பேசுவாள், தன் நெஞ்சோடு பேசுவாள். மேலே வெள்ளைத்தாள் சொன்ன வித்தியாசம் அங்கே இலக்கணமாகவே இருக்கிறது. உங்கள் வரைவில் தோழி இல்லை. அதனால்தான் கனிக்குக் குரலும் இல்லை. ஒரு தோழியைக் கொண்டுவாருங்கள், எதையும் சத்தமாகச் சொல்லும் பெண்ணாக.

நடு அத்தியாயங்கள் தொய்கின்றன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் 10 முதல் 15 வரை தொய்கிறது. அங்கே வேண்டிய படிகள் அகத்திணையில், அதாவது சங்கக் காதல் பாட்டு மரபில், வரிசையாக இருக்கின்றன. முதலில் அம்பல்: ஓரிருவர் முணுமுணுப்பது. பிறகு அலர்: ஊரறியப் பேசுவது. பிறகு இற்செறிப்பு: பெண்ணை வீட்டில் அடைப்பது. பிறகு அறத்தொடு நிற்றல்: தோழி உண்மையைப் பக்குவமாகச் செவிலிக்கு (வளர்ப்புத்தாய்க்கு) சொல்வது. இன்றைக்கு அம்பல் என்பது வகுப்புப் பலகையில் யாரோ எழுதிவைத்த ரெண்டு பெயர். அலர் என்பது ரேஷன் கடை வரிசை. இற்செறிப்பு என்பது 'நாளையிலிருந்து அப்பா கொண்டுவந்து விடுவார்' என்ற ஒரு வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு அத்தியாயம் கொடுங்கள், அவசரப்படாதீர்கள்.

ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள்: மடல். பனைமட்டைக் குதிரையில் ஏறி, அவள் உருவத்தை எழுதிப் பிடித்துத் தெருவில் வருவேன் என்று தலைவன் சொல்வது. இன்றைக்கு அதை எழுதினால் 'சரின்னு சொல்லலேன்னா கையை அறுத்துக்குவேன்' என்றுதான் வரும். உங்கள் 13ல் அப்படியே வருகிறது.

பாசிமணி

13ஐப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் முதல் தடவை 'வேண்டாம்' என்கிறாள். அதன் பிறகு மூன்று அத்தியாயம் மாரி அவள் பின்னாலேயே போகிறான், கதையும் அதை விடாமுயற்சி என்று மெச்சுகிறது. ஒரு பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது குற்றம். 2013ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354-டி பிரிவு என்று சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவு. ரெண்டு பேருக்கும் 17 வயது, ஆகவே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி ரெண்டு பேரும் குழந்தைகள். சம்மதம் இருந்தது என்ற பேச்சு அங்கே எடுபடாது. எனவே உடல் நெருக்கம் எந்த வடிவிலும் இந்தக் கதைக்குள் வர வேண்டாம். கதைக்கு அது தேவையும் இல்லை. நகர்ந்த பாட்டில் அந்த வேலையைச் செய்துவிட்டது. முடிவில் ஓடிப்போய்த் தாலி கட்டுவதும் ஆகாது. திருமண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கூச்சக்காரப் பெண்ணின் 'வேண்டாம்' ரொம்பச் சின்னக் குரலில்தான் வரும். அந்தச் சின்னக் குரலை அவன் கேட்டானா என்பதுதான் இந்தக் கதையின் உயிர். ஊர் முழுக்கச் சொல்லியும் கயிறு கட்டாதவன், இவள் ஒரு சொல்லுக்கு நின்றுவிடுகிறான் என்று எழுதுங்கள். மறுநாளிலிருந்து அவன் வேறு பாதையில் வீட்டுக்குப் போகிறான். அதைக் கவனிக்க அவளுக்கு நாலு நாள் ஆகிறது. பிறகு அவள்தான் முதல் அடி எடுத்து வைக்கணும், அவளுக்கு ஏற்ற வழியில். பள்ளியில் மாணவர்கள் புகார் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கும் இல்லையா? கயிறு கட்டச் சொல்லி மிரட்டுகிறவர்களைப் பற்றி அவள் எழுதிப் போடுகிறாள், தன் பெயரோடு. வகுப்பில் வாய் திறக்காதவள் எழுத்தில் பெயர் போடுவது என்பது பெரிய காரியம்.

ஒற்றைப்பனை

பாசிமணி சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஒன்று சேர்க்கிறேன்: அவள் அவனுக்காக மட்டும் எழுதியதாக வைக்காதீர்கள். அவள் தம்பி எட்டாவது படிக்கிறான் அல்லவா? அவன் கையில் திடீரென்று ஒரு நாள் கயிறு. காரணம் வீட்டுக்குள்ளிருந்தே வரட்டும்.

வட்டாரவழக்கு

பேச்சுமொழி. மாரி முதல் அத்தியாயத்திலேயே 'என்னடி' என்கிறான். பிளஸ் டூ பையன் பழகாத பெண்ணை அப்படிக் கூப்பிட்டால் அன்றைக்கே பஞ்சாயத்துதான். பேர் சொல்லவும் கூசுவான். 'ஏங்க', 'இந்தா இந்த நோட்டு' என்றுதான் தொடங்கும். ஏணியை இப்படி வையுங்கள்: முதலில் விளியே இல்லை, பிறகு 'முத்துக்கனி' என்று பள்ளிப்பெயர் முழுசாக, பிறகு 'கனி'. 'நீங்க' எப்போது 'நீ' ஆகிறது என்பது ஒரு அத்தியாயத்தின் நிகழ்ச்சியாகவே இருக்கலாம். அந்த மாற்றத்தை முதலில் செய்கிறவள் அவளாக இருந்தால் இன்னும் நல்லது. 'டி' இந்தக் கதைக்குள் வராமலே போகட்டும்.

'வந்தாவ, போனாவ' என்று எழுதியிருக்கிறீர்கள். அது திருநெல்வேலிப் பக்கம். கோவில்பட்டிக் கரிசலில் 'வந்தாக, போனாக'. 'மக்கா' நாகர்கோவில் பக்கத்துச் சொல், எடுத்துவிடுங்கள். கூட்டாளிகளுக்குள் 'ஏலே', 'வால' போதும். வழக்கை எல்லா வரியிலும் திணிக்காமல் வினைமுற்றில் மட்டும் பிடித்துக்கொண்டால் வெளியூர்க்காரரும் தடங்கலில்லாமல் படிப்பார்.

தலைச்சுமை

கால அட்டவணையே உங்கள் முதுகெலும்பு. ஜூனில் பள்ளி திறப்பு, செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஜனவரியில் திருப்புதல், பிப்ரவரியில் பிராக்டிகல், மார்ச்சில் பொதுத்தேர்வு, மே மாதம் ரிசல்ட். கெமிஸ்ட்ரியில் தியரிக்கு 70, பிராக்டிகலுக்கு 20, இன்டர்னலுக்கு 10. மாரிக்கு எதிராக யாராவது ஆசிரியர் இருந்தால் அவர் கை வைக்கக்கூடிய இடம் அந்தப் பத்து மார்க்தான். மழையை அக்டோபர், நவம்பரில் வையுங்கள். வரைவில் ஜூலையில் அடைமழை பெய்கிறது, கோவில்பட்டியில் அது நடவாத காரியம். தேர்வு முடிந்த மறுநாள் சந்திக்க ஒரு சாக்கும் இராது. அந்த வெறுமையை நீங்கள் தொடவே இல்லை. ஒரு முழு அத்தியாயம் அதற்குத் தாங்கும்.

கரிசல்காடு

எல்லாருக்கும் நன்றி. 2ஆம் அத்தியாயத்தில் சைக்கிளை மறிக்கும் காட்சியை எடுத்துவிட்டு, மழைக்காலத்துக்குத் தள்ளி, 11ல் இப்படி மாற்றியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்:

'ஓடைப்பாதையில் ஐம்பதடி போவதற்குள் சக்கரம் நின்றுவிட்டது. கரிசல் மண் டயரைச் சுற்றி அப்பி, மட்கார்டுக்குள் ஏறி இறுகியிருந்தது. கனி இறங்கித் தள்ளிப் பார்த்தாள். பின்சக்கரம் சுற்றாமல் இழுபட்டது. பின்னால் மாரி வந்தான். அவன் சைக்கிளும் அதே அரசாங்க சைக்கிள், அதே மண். அவன் அவளிடம் வரவில்லை. பத்தடி தள்ளியே சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வேலியிலிருந்து கருவேலங்குச்சி ஒன்றை ஒடித்து, முள்ளைச் சீவினான். மட்கார்டுக்குள் விட்டு நெம்ப, மண் பாளம் பாளமாக விழுந்தது. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, குச்சியை வரப்புக் கல்லின் மேல் வைத்தான். அவள் பக்கம் கைப்பிடி இருக்கும்படி வைத்தான். ஏறிப் போய்விட்டான். அவள் மனத்தில் இனம்புரியாத ஏதோ ஒன்று மலர்ந்தது.'

வெள்ளைத்தாள்

கடைசி வரியை வெட்டுங்கள். 'கைப்பிடி இருக்கும்படி வைத்தான்' என்பதிலேயே எல்லாம் வந்துவிட்டது. அவள் குச்சியை எடுத்தாளா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

பாசிமணி

ஆமாம். பத்தடி தள்ளி நின்றதை அப்படியே வைத்திருங்கள், குறைக்காதீர்கள்.

பிப்பெட்20

மண் ஈரமாக இருக்கும்போது குச்சியால் நெம்பினால் மறுபடியும் அப்பும். ரெண்டு பேரும் அந்தப் பாதை முடியும்வரை மூன்று நாலு தடவையாவது இறங்கித்தான் ஆகணும். அவள் குச்சியைத் தூக்கி எறியாமல் கேரியரில் செருகிக்கொள்வாள்.

கரிசல்காடு

கேரியர். வைத்துவிட்டேன். கடைசி வரி போய்விட்டது.